ஊருக்கு ஓர் இனிஷியல்

கொடைக்கானலில் நமக்கு இடம் அகப்படவில்லை. இந்தக் கட்டுரைக்கு மூலகாரணம் அதுதான் என்பதை நேயர்களிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சனி, ஞாயிறு இரண்டு தினங்களுக்கு மலைமேல் ஓர் அறை வேண்டுமென்று பல இடங்களில் விசாரித்துச் சலித்த பிறகு, "இந்த வாரம் ஊரிலேயே இருந்துவிடுவது" என்று குடும்ப சபையில் தீர்மானம் ஆயிற்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் இருவரும் பலமாக எதிர்த்தார்கள். "ஊரிலே என்ன இருக்கிறது?" என்பதே அவர்களுடைய வாதம். அதற்கு உடனே பதில் சொல்லப் பெரியவர்களாகிய நமக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ஊர் என்பது டி. கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் செல்லும் சாலையில், மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் நம் ஊரைப் பார்த்திருப்பார்கள். அதாவது பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கிப் பார்க்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நமக்கே அது தோன்றியதில்லை என்றால், பிறரைக் குறை கூறுவானேன்?

வெள்ளிக்கிழமை இரவு, சோறு உண்ணும் வேளையில், இளைய பெண் ஒரு கேள்வி போட்டாள். "மனிதர்களுக்குத்தானே இனிஷியல் உண்டு? நம் ஊருக்கு எதற்காக இனிஷியல்?"

தமிழ்நாட்டில் கல்லுப்பட்டி என்ற பெயருள்ள ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. அடையாளம் தெரிவதற்காக நம் ஊரைத் தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டி என்றார்கள். அந்தத் தேவன்குறிச்சிதான் தேய்ந்து 'டி.' என்று நிற்கிறது. ஊரை அடுத்து நிற்கும் மலைக்கும் தேவன்குறிச்சி மலை என்றுதான் பெயர். இதை நாம் விளக்கியதும் அவள் சற்று யோசித்தாள். "இனிஷியல் என்றால் அப்பா பெயர் அல்லவா? அப்படியானால் அந்த மலைதான் ஊருக்கு அப்பா. நாம் ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லையே!"

இந்த வாதத்துக்கு மறுப்பு ஏது? மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம்.

மலையடியில்

புரட்டாசி மாதத்தின் கடைசிப் பகுதி. முதல் நாள் இரவு ஒரு தூற்றல் போட்டிருந்தது. நம் பக்கத்துக் கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. காய்ந்த காலத்தில் பாளம் பாளமாக வெடித்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் அந்த மண், இரண்டு துளி மழை விழுந்தால் வழிப்போக்கன் காலைக் கட்டிக்கொண்டு "போகாதே" என்று மன்றாடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மலையடி வந்து சேர்ந்தோம்.

மலையைச் சார்ந்து அக்னீஸ்வரர் கோயில் இருக்கிறது. தரிசனம் செய்துவிட்டுப் பாறைமேல் சற்று ஏறி உட்கார்ந்தோம். மேற்கே மலைத்தொடர் நீலச் சுவராக நின்றது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஏறும் சதுரகிரி அந்தத் தொடரில்தான் இருக்கிறது. கீழே, கண்ணுக்கெட்டிய மட்டும் கறுத்த நிலம். விதைப்புக்குக் காத்திருக்கும் வயல்கள். இடையிடையே ஒரு கண்மாய், ஒரு பனைவரிசை, ஓர் ஊர். நம் வீட்டுக் கூரையைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்குள் பெரிய போட்டி நடந்தது. தான் வாழும் வீடு எத்தனை சிறியது, அதைச் சுற்றியுள்ள பூமி எத்தனை பெரியது என்பதை அறிய இதைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இந்த மண்ணுக்கு நம்மைவிட வயது மிக அதிகம். 1976இல் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையார் டி. கல்லுப்பட்டியில் அகழ்ந்து பார்த்தார்கள். பழந்தமிழகத்தின் அடையாளம் என்று ஆராய்ச்சியாளர் போற்றும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் இங்கேயும் கிடைத்தன. அந்தப் பாண்டத்தின் ரகசியம் சுவையானது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்துப்போகும். நெருப்பும் காற்றும் படுகிற வெளிப்புறம் சிவந்து வரும். ஒரே பானை, ஒரே சூளை, இரண்டு நிறம்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பு தமிழ்நாட்டுக் குயவர்கள் கையாண்ட வித்தை இது. அப்படிப்பட்ட கைகள் நம் ஊரிலும் இருந்தன என்பதை மூத்த பையனிடம் சொன்னோம். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒவ்வோர் ஓட்டுத் துண்டையும் சந்தேகத்தோடு புரட்டினான். கொடைக்கானல் ஞாபகம் அவனுக்கு அப்போதே போய்விட்டது.

குரங்கும் தேனீயும்

பிற்பகல் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குச் சென்றோம். 1940இல், தேசமே சுதந்திர வேட்கையில் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஜி. வெங்கடாசலபதி என்ற காந்தியத் தொண்டர் இதை நிறுவினார். கதர், கிராமக் கைத்தொழில், கல்வி என்பவற்றை நம் கரிசல் காட்டு ஜனங்களிடையே பரப்புவது அவருடைய நோக்கம். நம் தாத்தா பாட்டிமார் இராட்டை சுற்றிய கதைகளையெல்லாம் இந்த ஆசிரமத்தின் பெயரோடு சேர்த்துத்தான் கேட்டு வளர்ந்தோம்.

ஆனால், இங்கே ஒரு மகாபுருஷர் தமது கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பது ஊரில் எத்தனை குழந்தைகளுக்குத் தெரியும்? அவர்தான் ஜே. சி. குமரப்பா. 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றார். மேல்நாட்டு உடையோடும் நடையோடும் பம்பாயில் செல்வாக்காக வாழ்ந்திருக்க வேண்டியவர். 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதோடு கால்சட்டைக்கு விடை கொடுத்தாயிற்று. 1934இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தியபோது, அதை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. 'கிராமக் கைத்தொழில் டாக்டர்' என்று காந்தியடிகளே இவருக்குப் பட்டம் சூட்டினார். உலகத்தில் வேறு எந்தச் சர்வகலாசாலையிலும் கிடைக்காத பட்டம் அது!

1950களில் குமரப்பா நம் ஊர் ஆசிரமத்துக்கு வந்து எளிய குடிலில் வசித்தார். அவருடைய குடிலில் ஏழைக் குடியானவன் ஒருவனின் படம் இருந்ததாகவும், "இவர் யார்?" என்று கேட்டவர்களிடம், தம் எஜமானர் காந்தி என்றும், அந்த எஜமானருக்கு எஜமானர் இவர் என்றும் அவர் விளக்கியதாகவும் சொல்வார்கள். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

சிறைவாசத்தின்போது அவர் எழுதிய நூல் ஒன்று 1945இல் வெளிவந்தது. நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது அது. அதில் பிராணிகளைக் கொண்டு மனிதர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார். புலி, பிற உயிரைக் கொன்று தின்று வாழ்கிறது. குரங்கு, மரத்தை நடாமலும் நீர் பாய்ச்சாமலும் மாங்காயை மட்டும் பறித்துக்கொண்டு போகிறது. சாதாரணப் பறவை, தன் கூட்டைத் தானே முயன்று கட்டுகிறது. தேனீயோ, தனக்கென்று அல்லாமல் கூட்டம் முழுவதற்கும் சேர்த்து உழைக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, பிரதிபலன் கருதாமல் குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை இருக்கிறது. சமூகங்களும் இப்படி ஐந்து படிகளில் இருக்கின்றன என்பது அவருடைய கொள்கை.

இந்தப் பாடத்தைக் குழந்தைகளுக்குச் சொன்னபோது நமக்கே ஓர் எண்ணம் தோன்றியது. நாம் விடுமுறை கழிக்கும் முறை எந்தப் பிராணியைச் சேர்ந்தது? ஒரு மலைக்குப் போகிறோம், அழகைப் பறிக்கிறோம், தின்ற தோலைப் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். அங்குள்ள மரத்துக்கு நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது உண்டா? கொடைக்கானலில் இடம் கிடைக்காத கோபம் அந்தக் கணத்தில் சற்றுத் தணிந்தது என்றே சொல்ல வேண்டும். "அப்படியென்றால் நாம் குரங்கா, அப்பா?" என்று பையன் கேட்டான். பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

காகிதக் கோபுரம்

பேச்சை மாற்ற அன்று மாலை நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. ஏழூர் முத்தாலம்மன் திருவிழாவுக்குச் சில தினங்களே இருந்தன.

இந்தத் திருவிழாவைப் பற்றி வெளியூர் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மாபட்டி, கல்லுப்பட்டி, தேவன்குறிச்சி, வன்னிவேலம்பட்டி, சத்திரப்பட்டி, கிளாங்குளம், காடனேரி என்ற ஏழு ஊர்களும் சேர்ந்து கொண்டாடும் விழா இது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. ஏழு ஊர் அம்மன்களும் அக்காள் தங்கைகள் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அம்மனின் திருவுருவங்கள் அம்மாபட்டியில் களிமண்ணால் செய்யப்பெறும். மற்ற ஊரார் தத்தம் ஊரில் மூங்கிலாலும் வண்ணக் காகிதத்தாலும் உயரமான சப்பரம் கட்டி, அதைத் தோள்மேல் சுமந்து அம்மாபட்டிக்குக் கொண்டு சென்று, தங்கள் அம்மனை அழைத்துவருவார்கள். சக்கரம் கிடையாது, வடம் கிடையாது. மனிதத் தோள்தான் வாகனம். கோபுரம் போன்ற அந்தச் சப்பரம், வயல்வெளியில் தலையை அசைத்துக்கொண்டு வருகிற காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

நாம் போன சமயம் கட்டுவேலை நடந்துகொண்டிருந்தது. மூங்கில்களைப் பிளந்து, வளைத்து, கயிற்றால் இறுக்கி, அடுக்குமேல் அடுக்காக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இளைஞர் சிலர் காகிதத்தை மடித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பைப் பிரித்ததும் பூவும் கொடியுமாக விரிந்தது. பசை ஒரு பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. நாம் வழக்கம்போல் கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

மூங்கில் கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க தம்பி. ஊர்ல இருக்கீகளா? அதிசயமா இருக்கு" என்றார். அதில் கேலி இல்லை. ஆனாலும் சுருக்கென்றது.

"வேலை மும்முரம் போலிருக்கிறதே, ஐயா?" என்று கேட்டுவைத்தோம்.

"வேலைக்கு என்ன குறைச்சல்? கைக்குத்தான் குறைச்சல். திருவிழா அன்னிக்குத் தோள் குடுக்கத் திருப்பூர்லருந்தும் மெட்ராஸ்லருந்தும் எல்லாப் பயலும் வந்துருவான். அதுக்குக் கவலையில்ல. மூங்கில் கட்டத் தெரிஞ்சவுகதான் ஒண்ணு ரெண்டாப் போயிட்டோம். எங்க ஐயா கட்டும்போது நான் கயிறு பிடிச்சேன். நான் கட்டும்போது கயிறு பிடிக்கப் பிள்ளைக வேணும்ல?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றின் ஒரு நுனியை நம் பையனிடம் நீட்டினார். "பிடி, ராசா. விட்றாத."

அவன் பிடித்துக்கொண்டான். பெண் பசைச்சட்டியின் பக்கம் போய்விட்டாள். வீட்டுப் பெண்டிர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கைகட்டி நின்றவர் நாம் ஒருவர்தான். நமக்கும் ஒரு மூங்கிலைத் தாங்கிப் பிடிக்கும் உத்தியோகம் கிடைத்தது. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. நம் பெண் ஒட்டிய நீலத் தாமரை ஒன்று சற்றுக் கோணலாக அமைந்துவிட்டது. அதைப் பிரித்தெடுக்க அவள் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும் பாப்பா. ஆத்தாளுக்கு அதுவும் பிடிக்கும்" என்று முதியவர் தீர்ப்புச் சொன்னார்.

விடிய விடிய

அன்றிரவு பக்கத்துக் கிராமம் ஒன்றில் புரட்டாசிப் பொங்கல்; அதை ஒட்டி வள்ளி திருமணம் நாடகம். தலையணையும் போர்வையும் முறுக்குப் பொட்டலமுமாகப் போய்த் தரையில் இடம் பிடித்தோம். ஊர் அடங்கிய பிறகுதான் மேடை விழித்தது. ஆர்மோனியக்காரர் ஒரு சுற்றுப் பாடி முடித்தார். பபூன் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். பின்பு வள்ளியும் நாரதரும், வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்தார்கள். எழுதி வைத்து ஒப்புவிக்கும் தர்க்கம் அன்று அது. எதிரி என்ன சொல்கிறார் என்று பார்த்து அப்போதைக்கப்போது விடை தொடுக்கும் தர்க்கம். குழந்தைகள் பாதியில் உறங்கிவிட்டார்கள். கிழவிமார் ஒருவர்கூட உறங்கவில்லை.

இந்த நாடக மரபுக்கு ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 முதல் 1922 வரை வாழ்ந்தவர். 1918இல் மதுரையில் அவர் ஏற்படுத்திய பாலர் நாடக சபையில் பயின்றவர்கள் பிற்காலத்தில் தமிழ் மேடையையே ஆண்டார்கள். அந்த மரபிலே வந்து தேசத்துக்கே தம்மைக் கொடுத்தவர் தியாகி விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்து, நமக்குப் பக்கத்துத் திருமங்கலத்தில் வாழ்ந்தவர். நாவிதர் குலத்தில் தோன்றியவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவருடன் துணிந்து மேடை ஏறியவர்களில் கே. பி. ஜானகி அம்மாள் ஒருவர். அவரும் பின்னாளில் தேசத் தொண்டில் சிறை சென்றார். தாஸ் மேடையில் முருகனாகத் தோன்றுவார். புராணப் பாட்டுக்கு நடுவே தேசியப் பாட்டைப் பாடுவார். சர்க்கார் அவரைப் பல தடவை சிறையில் அடைத்தது. வெளியே வந்த மறுகணமே மேடையேறி அதே பாட்டைப் பாடுவார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி, சென்னையில், வள்ளி திருமண மேடையில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திருமங்கலம் சென்று அவருடைய நினைவில்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்து மதுரைக்குப் போயிருக்கிறோம். இறங்கியது அன்றுதான்.

எது நிலைத்தது?

1916இல் சென்னையில் காந்தியடிகள் சுதேசியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். தூரத்தில் இருப்பதை விடுத்து, நமக்கு மிக அருகில் இருப்பதைப் பயன்படுத்தி அதற்கே தொண்டு செய்யும் மனப்பான்மைதான் சுதேசி என்பது அதன் சாரம். துணியில் சுதேசி வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்தார்கள். அந்நியத் துணியைக் கொளுத்தினார்கள். ஓய்விலும் களிப்பிலும் சுதேசி உண்டு என்பதை நாம்தான் இன்னும் உணரவில்லை. வெளியூர் போகவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கொடைக்கானல் ஏரி எங்கும் ஓடிவிடாது. ஆனால் நம் ஊர்ச் சப்பரம் அப்படி அன்று.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மண்ணுக்கடியில் கிடந்த பானையோடு இரண்டாயிரம் ஆண்டு தாங்கிற்று. சப்பரமோ திருவிழா முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிடும். அம்மனின் மண்ணுருவமும் மண்ணோடு சேர்ந்துவிடும். இவற்றை எந்தக் காட்சிச்சாலையிலும் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்துக் காப்பாற்ற இயலாது. இரண்டாண்டுக்கு ஒரு முறை கட்டத் தெரிந்த கைகளில் மட்டுமே சப்பரம் உயிர் வாழ்கிறது. ஒரு தலைமுறை கயிறு பிடிக்கத் தவறிவிட்டால், அடுத்த தலைமுறைக்குப் புகைப்படந்தான் மிஞ்சும். படத்தைத் தோளில் சுமந்து அம்மாபட்டிக்குப் போக முடியுமா? நிலைத்தது என்று குமரப்பா சொன்னது கல்லையும் இரும்பையும் அன்று. திரும்பத் திரும்பச் செய்யப்படுவதால் அழியாது நிற்கும் வாழ்க்கையைத்தான் என்று நமக்கு அன்று விளங்கிற்று.

திருவிழா அன்று நம் ஊர்ச் சப்பரம் ஜனசமுத்திரத்தின் மேலே எழுந்தது. தோள் கொடுத்தவர்களின் ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. நம் பெண் ஒருவரையும் கவனிக்கவில்லை; அண்ணாந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு நம் கையை இறுகப் பற்றி, "அதோ, என் தாமரை!" என்று கூவினாள். அத்தனை உயரத்தில் ஒரு கோணல் பூவை நாம் எங்கே காண்பது? ஆனால் அவள் கண்டாள். அவள் ஒட்டியதல்லவா!

வீடு திரும்பும் வழியில் பையன் கேட்டான்: "அடுத்த தடவை இரண்டு வருஷம் கழித்துத்தானே, அப்பா? அந்தத் தாத்தாவுக்கு அப்போதும் நான்தான் கயிறு பிடிப்பேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்."

அந்த வாரத்துக்குக் கொடைக்கானலில் அறை வேண்டுமென்று நாம் யாரையும் கேட்பதாக இல்லை.